கப்பல் காட்டிய சாக்கு



கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பசிபிக். இரண்டு பெருங்கடல்கள் அகழியாகக் கிடப்பதால், எதிரி வாசலுக்கே வந்துவிடுவான் என்ற பயம் அமெரிக்க மக்களுக்கு அதிகம் இருந்ததில்லை. ஆகவே அயல்நாட்டுப் போருக்கு அவர்களின் சம்மதத்தை வாங்குவது அதிபர்களுக்கு லேசான வேலையாக இருக்கவில்லை. பல தடவை அந்தச் சம்மதத்தை வாங்கித் தந்தது கடலில் அடிபட்ட கப்பல்தான். போருக்கான காரணங்களோ பெரும்பாலும் கரையில் இருந்தன.

1898-ஐப் பாருங்கள். கியூபா அப்போது ஸ்பெயினின் பிடியில். விடுதலைப் போரை ஒடுக்குவதற்காக ஸ்பானியப் படை கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்தது. பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஹர்ஸ்ட், புலிட்சர் இருவரின் பத்திரிகைகளும் போட்டி போட்டுக்கொண்டு இதை எழுதின. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் அமெரிக்கப் பணமும் முடங்கிக் கிடந்தது. பிப்ரவரி 15 இரவு, ஹவானா துறைமுகத்தில் நின்ற மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. மாலுமிகள் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியிலிருந்து கண்ணிவெடி தாக்கியது என்றது கடற்படை விசாரணை. ஏப்ரலில் போர்.

1976-ல் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் நடந்த மறு ஆய்வு வேறு முடிவுக்கு வந்தது: நிலக்கரி அறையில் பிடித்த தீ பக்கத்து வெடிமருந்துக் கிடங்கைத் தொட்டிருக்கலாம். அதாவது, ஸ்பெயின் குற்றமற்றதாக இருக்கலாம்!

கியூபர்கள் மேல் சாதாரண அமெரிக்கருக்கு இருந்த இரக்கம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று நாடாளுமன்றமே உறுதி கொடுத்தது. ஆனால் போர் முடிந்தபோது புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் கைக்கு வந்திருந்தன. 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸும் வந்தது. ஒரு நாட்டின் விடுதலைக்கென்று புறப்பட்டவர்கள், 1899-ல் பிலிப்பைன்ஸ் விடுதலைப் படையையே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் கப்பல் மூழ்கினாலும் போர் வந்துவிடும் என்றும் இல்லை. 1915-ல் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்தது. இறந்தவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். அதிபர் வில்சன் கண்டனத்தோடு நின்றார். நாட்டைப் போரில் இறக்காதவர் என்ற பெயரோடுதான் 1916 தேர்தலிலும் வென்றார். அதற்குள் அமெரிக்க வங்கிகள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கோடிக்கணக்கான டாலர் கடன் கொடுத்திருந்தன. கடன்தான் போரை இழுத்துவந்தது என்று பின்னாளில் பலர் நம்பினார்கள். கடனால் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கதவைத் திறந்துவிட்டது ஜெர்மனிதான். 1917 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளை மறுபடியும் தடையின்றி ஏவியது. போதாததற்கு, எங்களோடு சேர்ந்தால் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுத் தருகிறோம் என்று மெக்சிகோவுக்கு ரகசியத் தந்தி அனுப்பிப் பிடிபட்டது.

ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் அவையில் 50 பேர் போர் வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருவர் மொன்டானாவின் ஜேனட் ரேங்கின், நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். 1941-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய மறுநாள் மீண்டும் வாக்கெடுப்பு. 388 பேர் ஆதரவு, எதிர்த்தவர் ஒருவர். அதுவும் ரேங்கின்தான். ஆத்திரக் கூட்டத்திடமிருந்து தப்ப அவர் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு 1964, டோங்கின் வளைகுடா. ஆகஸ்ட் 2-ல் வட வியட்நாம் படகுகள் மேடாக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலைத் தாக்கியது உண்மை. 4-ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனால் அதைக் காட்டித்தான் அதிபர் ஜான்சன் வியட்நாமில் படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தை 7-ஆம் தேதி நாடாளுமன்றத்திடம் பெற்றார். செனட்டில் எதிர்த்தவர்கள் இருவர். கீழவையில் ஒருவரும் இல்லை. கம்யூனிசம் ஆசியாவில் பரவிவிடும் என்ற அச்சம்தான் உள்ளே ஓடிய காரணம். அது மேடாக்ஸுக்குப் பல ஆண்டுகள் மூத்தது.

அந்தத் தீர்மானத்தை நாடாளுமன்றம் 1971 ஜனவரியில் ரத்து செய்தது. போர் நிற்கவில்லை. கடைசி அமெரிக்கப் படைகள் வியட்நாமை விட்டுக் கிளம்ப 1973 மார்ச் ஆயிற்று.