மரமும் பொந்தும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்தின் வாழ்வில் நீண்ட காலமா, குறுகிய காலமா? இவ்விழாவில் எழ வேண்டிய இக்கேள்விக்கு, இலக்கியத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஓரிடம் விடை வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டிரிட்டிரி மடாங்கி என்னும் சிறு தீவே அது. மாவோரி மொழியில் அப்பெயருக்குக் காற்றில் அலைக்கழியும் இடம் என்பது பொருள். 220 ஹெக்டேர் பரப்புள்ள அத்தீவு இயற்கைக் காப்பகமாகப் பேணப்படுகிறது. காலையில் படகேறி மாலையில் திரும்பும் குடும்பங்களை அது விருந்தினராக ஏற்கிறது. பாட்டியும் பெற்றோரும் பிள்ளைகளுமாக அங்கே செல்லும் ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டால், அத்தீவின் கதை எளிதில் விளங்கும்.

அக்குடும்பத்தின் பயணம் படகேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. காலணியின் அடிப்பகுதியில் ஒட்டிய மண்ணைத் துடைக்க வேண்டும். பைகளைத் திறந்து பார்க்க வேண்டும். உணவை மூடியிட்ட பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஓர் எலியோ, எறும்புக் கூட்டமோ, களைவிதையோ தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை முன்னேற்பாடு. அங்கே தின்பண்டக் கடையும் இல்லை. குப்பைத் தொட்டியும் இல்லை. கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

சிறுவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதன் பின்னே பெருந்துயர் ஒன்று இருக்கிறது. வௌவால் தவிர வேறு நிலவாழ் பாலூட்டிகள் இல்லாத நாடாக இருந்தது நியூசிலாந்து. தரையில் துரத்தும் பகை இல்லாமையால், அங்குள்ள பறவைகள் சில பறத்தலையே மறந்தன. மனிதன் வந்தான், அவனோடு எலி வந்தது, பின்னர்ப் பூனையும் மரநாய் இனங்களும் வந்தன. ஓடத் தெரியாத பறவைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஹூயா என்னும் பறவை உறுதியாகக் காணப்பட்ட இறுதி ஆண்டு 1907. அப்பெயர் இன்றும் மாவோரி மொழியில் வழங்குகிறது. அப்பெயருக்குரிய உயிர் எங்கும் இல்லை. புள்ளையும் மரத்தையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்துப் பாடிய மரபினர்க்கு இதன் இழப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொருள் அழிந்தபின் எஞ்சும் சொல், உரைகாரரின் விளக்கத்தில் மட்டுமே உயிர் வாழும்.

டிரிட்டிரி மடாங்கியும் அவ்வாறு அழிந்த நிலமாகவே இருந்தது. முதலில் மாவோரிக் குடிகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஐரோப்பியப் பண்ணைக்காரர்களும் அங்கே காட்டைத் திருத்தினர். 1971இல் மேய்ச்சல் குத்தகை முடிந்தபோது, பழைய காடு ஓடைப் பள்ளங்களிலும் கரையோரங்களிலும் சிறு துண்டுகளாக மட்டுமே எஞ்சியிருந்தது. மேய்ச்சலை நிறுத்தினால் காடு தானே திரும்பும் என்று எதிர்பார்த்தனர், அது திரும்பவில்லை. அடர்ந்த புல்லும் பெரணியும் விதைகளை முளைக்க விடவில்லை.

அந்நாளில் காப்பகம் என்றால் மக்களை வெளியே நிறுத்துவது என்பதே பொதுவான எண்ணம். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்செல் ஆகிய இருவரும் இதற்கு மாறான திட்டம் ஒன்றை முன்வைத்தனர். மக்களை உள்ளே அழைத்து, அவர்கள் கையாலேயே காட்டை எழுப்புவது என்பதே அத்திட்டம். தீவின் கலங்கரை விளக்கத்தைக் காத்துவந்த கடைசிக் காவலர் ரே வால்ட்டர், அவருடைய துணைவியார் பார்பரா ஆகியோரின் பேணலில் நாற்றுகள் வளர்ந்தன. 1984 முதல் 1994 வரை, சரியாகப் பத்தாண்டுக் காலத்தில், 2,50,000க்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. நட்டவர்களுள் பெரும்பாலோர் தாவரவியல் அறிஞர் அல்லர். ஒரு நாள் படகில் வந்து, மண்வெட்டி பிடித்து, மாலையில் வீடு திரும்பிய பொதுமக்கள் அவர்கள். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 1993இல் எலிகளும் முற்றாக ஒழிக்கப்பட்டன.

அவர்கள் தீவு முழுவதையும் மரத்தால் நிரப்பிவிடவில்லை. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் திறந்த வெளியாகவே விட்டனர். புல்வெளியில் வாழும் உயிர்களுக்கும் இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். முன்னோர் வாழ்ந்த தடங்கள் மறைந்துவிடக் கூடாது என்பது மற்றொரு காரணம்.

இன்று அக்குடும்பம் நிழல்வழியே நடந்து மேட்டில் உள்ள கலங்கரை விளக்கத்தை அடைகிறது. 1865ஆம் ஆண்டின் முதல் நாளில் ஒளியேற்றப்பட்ட விளக்கம் அது. அதன் அருகே உள்ள புல்தரையில், நீலமும் பச்சையும் கலந்த இறகும் சிவந்த தடித்த அலகும் கொண்ட, கோழியினும் பெரிய பறவை ஒன்று மேய்வதைக் காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கலாம். டாக்கஹே என்பது அதன் பெயர். பூண்டற்றுப் போனதாக உலகம் முடிவு கட்டிய பின்னர், 1948இல் தென்தீவின் மலைப்பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்ட இனம் அது. பாட்டி பிறந்த காலத்தில் இல்லை என்று எண்ணப்பட்ட பறவையைப் பேரப்பிள்ளைகள் சில அடி தூரத்தில் நின்று பார்க்கின்றனர்.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால், பத்தாண்டு போதும் என்று மகிழ்ந்து கலையலாம். ஆனால் வழியோர மரங்களில் பெட்டிகள் பொருத்தப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். அவை ஹிஹி என்னும் சிறு பறவைக்கு உரியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஹௌடூரு என்னும் ஒரே தீவில் மட்டும் எஞ்சிய இனம் அது. 1995இல் இங்கே கொண்டுவரப்பட்டது. ஹிஹி மரப்பொந்தில் கூடு கட்டும் இயல்புடையது. இங்கே மரங்கள் இருந்தன, பொந்துகள் போதவில்லை. பொந்து இளமரத்தில் தோன்றுவதில்லை. கிளை முறிந்து, வைரம் உளுத்து, முதுமை எய்திய மரமே பறவைக்கு அறை தருகிறது. மரத்தைப் பத்தாண்டில் நட்டுவிடலாம். முதுமையை நட முடியாது. ஆகவே மனிதர் பெட்டி செய்து வைத்தனர். இளங்காட்டில் ஆண்டு முழுவதும் பூத்தேன் கிடைக்காமையால் சர்க்கரை நீரும் வைத்தனர். பெட்டியை வைத்ததோடு பணி முடிவதில்லை. கூடுகளைப் பார்வையிட வேண்டும். நீர்க்கலங்களைக் கழுவி நிரப்ப வேண்டும். காடு முதிரும்வரை மனிதர் அங்கே முதிய மரத்தின் வேலையைச் செய்து வருகிறார்கள்.

கவிஞர் பெருமக்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை அந்தப் பெட்டியில் இருக்கிறது. பத்தாண்டு நிறைந்த வட்டம் தான் நட்ட மரங்களை எண்ணிப் பார்ப்பது இயல்பே. நடந்த கூட்டங்கள், அரங்கேறிய கவிதைகள், அச்சேறிய தொகுப்புகள் யாவும் பெருமைக்கு உரியவை. ஆனால் பின்வரிசையில் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அழைப்புக்குக் காத்திருந்து, ஒன்றும் வாசிக்காமலே வீடு திரும்பும் இளங்கவிஞனுக்கு இங்கே பொந்து உண்டா என்பதையும் எண்ண வேண்டும். பழம்பெரும் தமிழ்ச் சங்கங்களுக்கு முதுமை தந்த பொந்துகள் இருக்கலாம். இளைய வட்டம் பெட்டிதான் செய்ய வேண்டும். மாதக் கூட்டத்தில் புதியவருக்கென்று ஒதுக்கிய கால்மணி நேரமும், இதழில் அவருக்கென்று விட்ட ஒரு பக்கமும், முதற்படியைப் பொறுமையோடு படித்துக் குறை சொல்லும் ஒரு மூத்தவரும் அத்தகைய பெட்டிகள். அவற்றையும் அவ்வப்போது பார்வையிட வேண்டும். ஒருமுறை வைத்துவிட்டு மறந்த பெட்டியில் எந்தப் பறவையும் நிலைத்து வாழாது.

அத்தீவினர் 1994இல் நடுதலை நிறைவு செய்து மண்வெட்டியைக் கீழே வைத்தனர். அடுத்த ஆண்டே பெட்டியைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றனர். இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டும் அவ்வாறு தொடங்கட்டும்.