கண்ணின் கீழ் விழும் திரை: மருந்தும் அறுவையும்



கண்ணின் கீழே விழும் சுருக்கங்களுக்கு இன்று செய்யப்படும் சிகிச்சைகளைப் பற்றிப் பேச வந்துள்ளேன். மொழிக் கழகத்தின் மேடையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய நகரங்களின் கடைத்தெருக்களில் அழகு நிலையங்கள் பெருகிவிட்டன. கைப்பேசியைத் திறந்தால் சில நாள்களில் சுருக்கத்தைப் போக்குவதாகக் கூறும் களிம்பு விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றின் மொழியோ ஆங்கிலமும் மலாயும் கலந்த ஒரு வணிக மொழி. தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு தாய், தம் கண்ணருகே ஊசி ஏற்றப்படும் முன், அதில் இருப்பது யாது, அது என்ன செய்யும், தவறினால் என்ன நேரும் என்பவற்றைத் தம் மொழியில் கேட்டு அறிய முடிய வேண்டும். அது இயலாதபோது அவர் இழப்பது பணமாக மட்டும் இராது, பார்வையாகவும் இருக்கலாம். எனவே இது மருத்துவப் பொருள். மொழிப் பொருளும் ஆகும்.

திரை என்னும் சொல்

முதுமையின் அடையாளங்களை நம் முன்னோர் 'நரை, திரை' என இணைத்துக் கூறினர். நரை, திரை, மூப்பு, பிணி ஆகியவற்றைத் தள்ளிவைக்கும் மருந்துகளைச் சித்த மருத்துவம் காயகற்பம் என்று அழைத்தது. திரை என்பதற்கு அலை என்ற பொருளும் உண்டு. இச்சொல்லின் இரு பொருளையும் மனத்தில் வைத்தால், இன்றைய மருத்துவம் செய்யும் ஒரு முதன்மையான வேறுபாடு எளிதில் விளங்கும். சிரிக்கும்போது எழுந்து, சிரிப்பு அடங்கியதும் மறையும் மடிப்பு அலை போன்றது. இதனை அசைவுத் திரை எனலாம். அலை பின்வாங்கிய பிறகும் மணலில் நிற்கும் வரி போல, முகம் அமைதியாக இருக்கும்போதும் தங்கிவிடும் மடிப்பு நிலைத் திரை.

இவ்விரண்டோடு வேறு இரண்டும் சேர்ந்தே நம் கண்ணாடியில் தெரிகின்றன. ஒன்று, கீழிமையில் கொழுப்பு முன்தள்ளுவதால் உண்டாகும் கண்பை. மற்றொன்று, இமையும் கன்னமும் சேரும் இடத்தில் விழும் குழிவும் அதன் கருநிழலும். மக்கள் இந்நான்கையும் 'கண்ணுக்குக் கீழே சுருக்கம்' என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். நான்கும் வேறு வேறு காரணத்தால் வருவன. நான்கிற்கும் சிகிச்சை வேறு. நான்கையும் ஒரே களிம்பால், ஒரே ஊசியால் தீர்ப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

ஏன் அங்கே முதலில்?

உடலிலேயே மிக மெல்லியது இமையின் தோல். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. அத்தோலுக்கு அடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை உள்ளது. நாம் இமைக்கும்போதும், சிரிக்கும்போதும், கூசும் வெயிலில் கண்ணை இடுக்கும்போதும் அது சுருங்குகிறது. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரத இழை. இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு மீட்பது எலாஸ்டின் என்னும் இழை. வயது ஏற ஏற இரண்டும் நலிகின்றன. புகைபிடித்தல் அந்நலிவை விரைவாக்குகிறது. ஆயினும் புறக் காரணங்களுள் முதன்மையானது வெயிலே.

கெடா மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 முதல் 6.5 பாகைக்குள் அமைந்தது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் உச்சியில் நிற்கிறது. பழைய இரப்பர்த் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பால்வெட்டுக்குச் சென்றவர்களுக்கு மரநிழலாவது இருந்தது. மறுநடவு செய்த இளஞ்செம்பனைக் காட்டிலோ, நெல்வயலிலோ, சாலைப் பணியிலோ அந்நிழல் இல்லை. புற ஊதாக் கதிர்களுள் 'ஏ' வகை சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வெளிவந்தது. 28 ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிய அவர் முகத்தில், சன்னலை ஒட்டிய இடப்பக்கம் மட்டும் ஆழ்ந்த திரைகளோடு முதிர்ந்திருந்தது. அதே மனிதர், அதே வயது. இரு பக்கத்திற்கும் வேறுபாடு வெயில் ஒன்றே. நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால், இங்கே அவ்வெயில் வலக் கன்னத்தில் விழும்.

அறுவையில்லாச் சிகிச்சைகள்

முதலில் நிற்பது வெயில் காப்புக் களிம்பு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளியாயிற்று. நாள்தோறும் களிம்பு பூசியவர்களின் புறங்கைத் தோல், விருப்பம்போல் பூசியவர்களின் தோலைக் காட்டிலும் 24 விழுக்காடு குறைவாகவே முதிர்ந்திருந்தது. அகன்ற தொப்பியும் வெயில் கண்ணாடியும் இதே பணியைச் செய்வன. கண் இடுக்குவதையும் அவை குறைக்கின்றன.

இரண்டாவது, டிரெட்டினாயின் என்னும் மருந்து. வைட்டமின் 'ஏ' சத்திலிருந்து பெறப்படுவது. முதலில் முகப்பருவுக்குப் பயன்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய குழுவினரும் வெயிலால் முதிர்ந்த தோலை இது ஓரளவு சீர்செய்வதை 1986இல் எடுத்துக்காட்டினர். பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் தோல் சிவந்து உரியும். கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். இது மருந்து; மருத்துவர் எழுதித்தரப் பெற வேண்டியது. நம் நாட்டில் அழகுப்பொருள்களில் இதனைச் சேர்க்க அனுமதியில்லை. மற்ற ஈரப்பதக் களிம்புகள் தோலில் நீரைத் தேக்கி, மெல்லிய வரிகளைச் சில மணி நேரம் நிரவிக் காட்டுகின்றன. அது பொய்யன்று, நிலையானதும் அன்று.

மூன்றாவது, 'போட்டோக்ஸ்' என்ற வணிகப் பெயரால் எல்லாரும் அறிந்த போட்டுலினம் நச்சு. இலத்தீன் மொழியில் 'போட்டுலஸ்' என்றால் பதப்படுத்திய இறைச்சிக் குழல். கெட்டுப்போன இறைச்சியை உண்டவர்களைக் கொன்ற நச்சே இது என்பதை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மிக நுண்ணிய அளவில் செலுத்தும்போது, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை இது தடுக்கிறது, தசை தளர்கிறது. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இதனை மாறுகண் சிகிச்சைக்கு முதலில் பயன்படுத்தினார். கனடாவின் ஜீன் கருத்தர்ஸ், அலெஸ்டர் கருத்தர்ஸ் இணையர், ஒருவர் கண் மருத்துவர், மற்றவர் தோல் மருத்துவர், இமைத் துடிப்புக்கு இதனைப் பெற்ற நோயாளியின் நெற்றி வரிகள் மறைந்ததைக் கண்டு, 1992இல் ஆய்வுரை வெளியிட்டனர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புருவ இடை வரிகளுக்கு 2002இலும், கண்ணோர வரிகளுக்கு 2013இலும் இதனை ஏற்றது. பயன் மூன்று நான்கு மாதங்கள் நிற்கும். பிறகு மீண்டும் ஊசி, மீண்டும் செலவு. இது அசைவுத் திரைக்கு உரியது. கண்பைக்கும் குழிவுக்கும் இதனால் பயனில்லை. கீழிமைக்கு நேர்க் கீழே மிகுதியாகச் செலுத்தினால் இமை தளர்ந்து, கண் முழுதாக மூடாமல் போகவும் கூடும்.

நான்காவது, நிரப்பி ஊசி. குழிவை நிரப்ப இன்று பெரிதும் பயன்படுவது ஹயலுரானிக் அமிலம். 1934இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் இதனை முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணிலிருந்தே. தக்கவர் கையில் நல்ல பயன் தரும் இச்சிகிச்சையே, தகாதவர் கையில் மிகக் கொடிய விளைவைத் தருவதும் ஆகும். கண்ணைச் சுற்றியுள்ள நாளங்கள் விழித்திரைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளத்தோடு தொடர்புடையவை. நிரப்பி ஒரு நாளத்துக்குள் ஏறிவிட்டால், சில நொடிகளில் பார்வை போகலாம். போன பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. இது அரிதாகவே நேர்வது. ஆனால் நேர்ந்தால் என்ன செய்வது என்று அறிந்தவரும், நிரப்பியைக் கரைக்கும் மருந்தும் அந்த அறையில் இருக்க வேண்டும். அழகு நிலையத்தின் சாய்வு நாற்காலியில் அவ்விரண்டும் இரா.

ஐந்தாவது, லேசர் ஒளியும் தோலுரிக்கும் அமிலமும். இரண்டும் தோலின் மேலடுக்கைத் திட்டமிட்டுப் புண்படுத்துகின்றன. ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகி நிலைத் திரை குறைகிறது. இங்கே நம்மவர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வெயிலுக்குத் தோல் காட்டும் தன்மையை வைத்து ஒரு வகைப்பாட்டை வகுத்தார். பின்னர் ஆறு வகையாக விரிந்த அப்பகுப்பில், தமிழருள் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகையினர். இத்தகைய தோல் புண்பட்டு ஆறினால் கருமை படர்வது எளிது. வெள்ளைத் தோலுக்கு அமைத்த அளவில் லேசர் பாய்ச்சினால், சுருக்கம் போய்க் கருந்திட்டு வந்து சேரும். "என் போன்ற நிறத்தவர்க்கு இதனைச் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அறுவைச் சிகிச்சை

1818இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் ஃபொன் கிரேஃபே, புற்றுநோயால் சிதைந்த இமையைச் சீராக்கிய முறைக்கு ஒரு பெயரிட்டார். அதே பெயரே இன்று அழகுக்காகச் செய்யும் இமைச் சீரமைப்பு அறுவைக்கும் வழங்குகிறது. கீழிமையில் இது இரு வழிகளில் நடைபெறும். இமைமயிருக்குச் சற்றுக் கீழே கீறி, மிகையான தோலையும் கொழுப்பையும் நீக்குவது ஒன்று. இமையின் உட்புறத்தில் கீறி, வெளியே வடுவின்றிக் கொழுப்பை மட்டும் நீக்குவது அல்லது குழிவுக்குள் நகர்த்துவது மற்றொன்று. வெளித்தையல் இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிப்பர். கன்றிய நீலம் மறைய இரண்டு வாரங்கள் ஆகலாம். பயன் பல ஆண்டுகள் நிற்கும்.

கண்பைக்கும் தொங்கும் தோலுக்கும் இதற்கு நிகரான சிகிச்சை வேறில்லை. ஆனால் சிரிக்கும்போது எழும் வரியை இது நீக்காது. தோலின் கருமையையும் நீக்காது. தோலை மிகுதியாக வெட்டினால் இமை கீழிழுபட்டு, கண் வறண்டு, ஓயாமல் நீர் வடியும். மிக அரிதாகக் கண்ணுக்குப் பின்னே குருதி கசிந்து பார்வையைக் கெடுக்கும். உலர்கண், தைராய்டு நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையவர்களும், குருதி உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் தரும் காப்பு

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டப்படி, பதிவு பெறாத இடத்தில் மருத்துவம் நடத்தும் தனிமனிதருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர் அதற்கென எல்.சி.பி. எனப்படும் சுகாதார அமைச்சின் தகுதிச் சான்றையும் பெற்றிருக்க வேண்டும். விற்பனைக்கு வரும் அழகுப்பொருள்கள் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டு, 'நொட்' என்னும் மூன்றெழுத்தில் தொடங்கும் எண்ணைப் பெறுகின்றன. பதிவுபெற்ற மருந்துகளின் எண் 'மால்' என்று தொடங்கும். பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் ஆகியவை கலந்திருந்த களிம்புகளின் அறிவிப்பை அந்நிறுவனம் பலமுறை நீக்கியிருக்கிறது. எனவே எண் உண்டா என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்நிறுவனத்தின் இணையத் தளத்தில் அவ்வெண் இன்னும் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தோட்டத்தில் உழைத்து முதிர்ந்த முகத்தில் விழுந்த திரை நோயன்று. அதனைப் போக்கிக்கொள்ள விரும்புவதும் குற்றமன்று. கடையிலும் அலுவலகத்திலும் முகம் பார்த்து வேலை தரும் காலம் இது. நடுவயதில் வேலை தேடும் ஒரு பெண்ணின் விருப்பத்தை வீண் ஆசை என்று நகைப்பது நமக்கு அழகன்று. அவருக்கு நாம் தரவேண்டியது அறிவுரையைவிடத் தெளிவான சொற்கள். அசைவுத் திரை, நிலைத் திரை, கண்பை, குழிவு என்னும் நான்கு சொற்களை அறிந்தவர், "எனக்கு இருப்பது இவற்றுள் எது? இச்சிகிச்சை அதற்கு உரியதா? தவறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க முடியும். நேர்மையான மருத்துவர் இவ்வினாக்களை வரவேற்பார். விடை சொல்லத் தயங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆசிரியர்கள் அறிவியல் பாடத்தில் தோலைக் கற்பிக்கும்போது ஒரு களிம்புப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதன் சிட்டையைப் படிக்கச் சொல்லலாம். எண் எங்கே, சேர்பொருள் யாவை, தயாரித்தவர் யார் என்று மாணவர் தேடட்டும். பிறகு அதனைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கட்டும். மாணவர்களே, உங்கள் வயதில் சுருக்கக் களிம்பு எதுவும் தேவையில்லை. தொப்பியும் வெயில் காப்புக் களிம்பும் போதும். கரும்பலகை தெளிவாகத் தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்ப்பவர் கண் பரிசோதனைக்குச் செல்லுங்கள். வீட்டில் யாரேனும் சிகிச்சைக்குச் செல்வதானால் நீங்களும் உடன் செல்லுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்புதல் படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிவிட்டு, அதன் பிறகு அவர் கையொப்பம் இடட்டும். பல மொழி கற்ற பிள்ளை தன் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் அதுவும் ஒன்று.