கேமராவுக்குப் பிடித்த கொள்ளைக்காரன்



1934 ஜனவரி மாதக் கடைசி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கிரவுன் பாயிண்ட் ஊர்ச் சிறை. பிடிபட்ட வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரைப் பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் முண்டியடிக்கிறார்கள். அவனோ, தனக்கு எதிராக வாதாடப்போகும் அரசு வழக்கறிஞரின் தோள்மீதே முழங்கையை ஊன்றி, பழைய சிநேகிதன்போல நிற்கிறான். அந்தப் புகைப்படம் அவனுக்குப் புகழையும், வழக்கறிஞருக்குத் தலைகுனிவையும் தேடித்தந்தது.

அவன்மீது இருந்தது கொலை வழக்கு. பதினைந்து நாள் முன்பு, ஈஸ்ட் சிகாகோ வங்கிக் கொள்ளையில் வில்லியம் ஓமேலி என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, மார்ச் 3 அன்று டில்லிஞ்சர் தப்பிவிட்டான். காட்டி மிரட்டியது மரத்துப்பாக்கி என்பார்கள். ஓட்டிப் போனது ஷெரிப்பின் கார். திருட்டுக் காரோடு மாநில எல்லையைத் தாண்டியது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். எட்கர் ஹூவரின் புலனாய்வுத் துறை அவனைத் துரத்த அதுவே வழிவிட்டது.

மக்கள் ஏன் அவனை ரசித்தார்கள்? பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடிக்கிடந்தன. சேமிப்பைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஏராளம். வங்கியைக் கொள்ளையடித்தவன்மேல் அவர்களுக்குக் கோபம் வரவில்லை.

அந்தக் கவர்ச்சிக்குப் பயந்தே, அவனைப் பற்றிப் படம் எடுக்கக்கூடாதென்று ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கம் அப்போது தடைபோட்டது. 1945இல்தான் முதல் படம் வந்தது. மைக்கேல் மான் இயக்கி, ஜானி டெப் நடித்த ‘பப்ளிக் எனிமீஸ்’ வெளியானது 2009இல்.

டில்லிஞ்சர் தப்பித்த சிறையையும், புலனாய்வுத் துறையோடு அவனுக்குத் துப்பாக்கிச் சண்டை நடந்த விடுதியையும் மான் தேடிப்போய்ப் படம்பிடித்தார். டிஜிட்டல் கேமராவில் எடுத்ததால், பழைய காலம் பளபளப்பின்றி முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. இடத்தில் இவ்வளவு கறாரானவர், காலத்தில் அப்படியில்லை. கூட்டாளி பேபி ஃபேஸ் நெல்சனும், இன்னொரு கொள்ளையன் பிரிட்டி பாய் ஃபிளாயிடும் டில்லிஞ்சருக்குப் பிறகு இறந்தவர்கள். படத்தில் இருவரும் முன்னாலேயே செத்துவிடுகிறார்கள். கடைசியில் தனியாக மிஞ்சுகிறவன்மேல் நமக்குப் பரிதாபம் பிறக்கிறது. அந்தப் பரிதாபம் திரைக்கதை செய்த வேலை.

ஆனால், ஒரு காட்சியில் உண்மைக்குக் கற்பனையே தேவைப்படவில்லை. 1934 ஜூலை 22. சிகாகோ பயோகிராப் தியேட்டரில் டில்லிஞ்சர் பார்த்தது, கிளார்க் கேபிள் நடித்த ‘மன்ஹாட்டன் மெலோட்ராமா’ என்ற குற்றவாளிப் படம். கேபிள் மின்சார நாற்காலிக்கு மிடுக்காக நடந்துபோகிறார். மானின் படத்தில் டில்லிஞ்சர் அதை மயங்கிப் பார்க்கிறான். வெளியே வந்தவனைப் புலனாய்வுத் துறையினர் சுட்டு வீழ்த்தினார்கள். சினிமாவின் மிடுக்கில் மயங்கியவர்களில் அவனும் ஒருவன் என்று மான் காட்டும் இடம் அது.

படத்தைப் பாருங்கள், ஜானி டெப்பை ரசியுங்கள். கூடவே, சுடப்பட்டு விழுகிறவர்களில் யாருக்குப் படம் பெயரும் முகமும் கொடுக்கிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்றும் கவனியுங்கள்.