கைப்பேசியும் பேச்சுத்துணையும்



நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். அதைப் பறித்துப் பூட்டி வையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியிருந்தபோது, கைப்பேசிதான் பிள்ளைகளுக்கு வகுப்பறையாக இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைவிட்டு வந்த பிறகுதான் என்றிருந்த வீடுகளை நான் அறிவேன். பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனால் வீட்டில் பிடித்த இடத்தைக் கைப்பேசி விடவில்லை.

என் வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். முதலாம் ஆண்டில் சேர்ந்த ஒரு பையன், நிறங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் மளமளவென்று ஒப்பிப்பான். "காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்டால் பேசாமல் நிற்பான். காது நன்றாகக் கேட்கிறது, அறிவும் இருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கம்தான் இல்லை. தந்தை விடியுமுன் செம்பனைக் காட்டுக்குப் போகிறார். தாய் பத்து காவான் தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறார். பாட்டிக்கோ முழங்கால் வலி. ஓடும் பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைக்க அவருக்குக் கிடைத்தது கைப்பேசி. இதில் யாரைக் குறை சொல்வது?

குழந்தை பேச்சைக் கற்பது பதிலில்தான். "அம்மா, நாய்!" என்கிறது குழந்தை. "ஆமாம், கறுப்பு நாய். வாலை ஆட்டுது பார்" என்கிறாள் தாய். குழந்தைக்குப் புதிய சொற்கள் கிடைக்கின்றன. தான் சொன்னதை ஒருவர் கேட்டார் என்ற மகிழ்ச்சியும் கிடைக்கிறது. கைப்பேசிப் படம் ஓயாமல் பேசும்; பிள்ளை பேசுவதைக் கேட்காது. ஒரு படம் முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும். நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அது. அந்த நேரத்தில் கதை சொல்லுங்கள், படித்துக் காட்டுங்கள் என்றும் கூறுகிறது.

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் வந்தது. என் சிறு வயதில், தமிழ்ப்படம் போடும் நாளில் லயமே ஒரு வீட்டில் கூடும். பார்த்த கதையை மறுநாள் குழாயடியில் பேசித் தீர்ப்போம். அன்றும் திரை இருந்தது. பக்கத்தில் ஆட்களும் இருந்தார்கள். இன்று பிள்ளை தனியே பார்க்கிறது. அந்தத் தனிமையைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

என்ன செய்யலாம்? முதலாவது, இரவுச் சாப்பாட்டின்போது எல்லாக் கைப்பேசிகளையும் அலமாரியில் வையுங்கள். அப்பாவுடையதும் அதில் சேர்த்திதான். இரண்டாவது, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்துங்கள்; படுக்கைக்கு அருகில் வைக்க வேண்டாம். மூன்றாவது, பிள்ளை பார்க்கும்போது ஐந்து நிமிடமாவது கூட உட்கார்ந்து, "அவன் ஏன் அழுகிறான்?" என்று கேளுங்கள். நான்காவது, பறித்த இடத்தில் ஒன்றைக் கொடுங்கள். பல்லாங்குழியும் அஞ்சாங்கல்லும் நமக்குத் தெரிந்தவை. மலாய்ப் பிள்ளைகள் சொங்காக் என்றும் பத்து செரம்பான் என்றும் ஆடுவார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளலாம். பல்லாங்குழிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அதுவே அதன் சிறப்பு.

ஓய்வு நாளில் பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ்டவுனுக்குப் போங்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகில், 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. குரங்கைக் கண்ட பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு அளவே இராது.

இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளது. நல்லதுதான். ஆனால் சட்டம் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடாது.

அந்தப் பையனின் பாட்டியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: தினமும் அரை மணி நேரம், உட்கார்ந்தபடியே, புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடுங்கள். முதல் வாரம் பையன் அழுது புரண்டானாம். பாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் அவனே என் மேசைக்கு வந்தான். "டீச்சர், பாட்டி ஏமாத்துறாங்க. ரெண்டு கொட்டையை மடியில ஒளிச்சு வச்சிட்டாங்க" என்றான்.

அவன் என்னிடம் தானாகச் சொன்ன முதல் சேதி அதுதான். இன்றிரவு உங்கள் பிள்ளையும் உங்களிடம் ஏதாவது சொல்ல வரலாம். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.