பயண அட்டை ஒன்றாகட்டும். அதற்குப் பத்திரம் கேளாதிருக்கட்டும்

(தெமோதரையில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தத் தெமோதரையிலிருந்து ஒருவர் கொழும்புக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பதுளை வரை ஏறிச் செல்லும் தனியார் பஸ், மாகாண அதிகாரசபையின் ஆட்சிக்குள் வருவது. பதுளையில் அவர் மாறி ஏறும் நெடுந்தூரத் தனியார் பஸ்ஸை ஒழுங்குபடுத்துவது தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அரச பஸ்ஸில் ஏறினால் அது இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியது. புகையிரதமோ தனியொரு திணைக்களம். பயணி ஒருவர், பயணம் ஒன்று, ஆனால் கட்டணம் பெறும் கைகள் நான்கு! ஒரு கை தந்த சீட்டை மறு கை மதிப்பதில்லை.

இதனால் வரும் தொல்லை சிறிதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி மலையக இருப்புப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. பாதை அறுந்தால் பயணி பஸ்ஸுக்கு மாறித்தான் ஆகவேண்டும். அங்கே புகையிரதச் சீட்டு வெறுங்காகிதமே. சாதாரண நாட்களிலும் மீதிச் சில்லறைக்குக் கையேந்தி நிற்பதும், சீட்டே பெறாமல் இறங்குவதும் நம் மக்களுக்குப் பழகிப்போன அவலங்கள் அன்றோ?

இதற்கு உலகம் கண்ட பரிகாரம் ஒன்றுண்டு. 1997இல் ஹொங்கொங் நகரம் ஒக்டோபஸ் என்னும் அட்டையை வெளியிட்டது. புகையிரதம், பஸ், படகு ஆகிய அனைத்துக்கும் அவ்வோர் அட்டையே போதுமானதாயிற்று. ஜப்பானில் நகரத்துக்கு நகரம் வேறுபட்டிருந்த பத்து அட்டைகள், 2013 மார்ச் முதல் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று செல்லத்தக்கனவாயின. இந்தியா 2019 மார்ச்சில் நாடு முழுவதற்குமான பொதுப் பயண அட்டையைத் தொடக்கியது. அம்முறையில் அமைந்த சிங்காரச் சென்னை அட்டை 2023 ஏப்ரலில் சென்னை மெட்ரோ ரயிலுக்கு வந்தது. 2025 சனவரியில் அந்நகரின் மாநகரப் பஸ்களுக்கும் விரிந்தது.

இவ்வட்டை வேலை செய்யும் விதம் எளிது. அதனுள் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. நாம் முன்கூட்டிச் செலுத்திய தொகை அதில் பதிவாகிறது. பொறியில் அட்டையைத் தொட்டவுடன் கட்டணம் கழிகிறது. தொகை அட்டையிலேயே பதிந்திருக்குமாறு அமைத்தால், தொலைபேசி அலை எட்டாத மலைப் பாதையிலும் அது பயன்படும். பின்னர்க் கணக்குகள் யாவும் ஒரு பொது நிலையத்துக்குச் சென்று, அவரவர் பங்கு அவரவருக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. ஆகவே அட்டை அச்சிடுவது அரிய காரியம் அன்று. நான்கு நிருவாகங்களையும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படச் செய்வதே அரிய காரியம். அதனை அரசாங்கம் ஒன்றே செய்ய முடியும்.

நம் நாட்டிலும் 2025 நவம்பரில், வங்கி அட்டையால் பஸ் கட்டணம் செலுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. அதனை வரவேற்கிறோம். ஆனால் வங்கி அட்டை இல்லாதவர் கதி என்ன? இங்கேதான் நாம் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தோழர்களே! மலையகத் தமிழனுக்கு அட்டை, பத்திரம் என்ற சொற்கள் இலேசானவை அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரிடம் பத்திரம் கேட்டது. பத்திரம் இல்லாத காரணத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கு முடிவு காண 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். பஸ்ஸில் ஏறுவதற்கும் பத்திரம் கேட்கும் நிலை இனி வரலாகாது. அடையாளம் கேளாமல், பெயர் எழுதாமல், தோட்டத்துக் கடையிலும் தபாற் கந்தோரிலும் காசு கொடுத்து வாங்கத்தக்க அட்டையே நமக்கு வேண்டும்.

இரண்டாவது, வைப்புப் பணம். ஒக்டோபஸ் அட்டைக்கு ஐம்பது ஹொங்கொங் டொலர் வைப்புப் பெறுகிறார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை ஆண்டுக்கணக்காகப் போராடி 2021இல் பெற்ற மக்கள் நாம். நமக்கு முதல் அட்டை இலவசமாக வரவேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் கணக்கு. சிங்கப்பூரில் பழைய அட்டைகளை நிறுத்திப் புதிய முறைக்கு மாற 2024 சனவரியில் அறிவித்தார்கள். புதிய முறையில் கழிந்த தொகையும் மீதித் தொகையும் வாயிலில் தெரியமாட்டா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். அம்மாதமே அரசு தன் முடிவைக் கைவிட்டது. செல்வம் மிக்க நகரத்தாரே தம் காசு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றால், கூலியை எண்ணி வாழும் தாய்மாருக்கு அவ்வுரிமை இல்லையா? அக்கணக்கு தமிழிலும் தெரியவேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பஸ்ஸில் வைக்கும் பொறியும் அதற்குப் பணிந்தே ஆகவேண்டும்.

நான்காவது, பொறியின் செலவு. ஜப்பானின் குமாமொத்தோ மாவட்டத்தில், பொறிகளைப் புதுப்பிக்கும் செலவைத் தாங்கமாட்டாமல், பஸ் நிறுவனங்கள் 2024 நவம்பரில் அந்நாட்டுப் பொது அட்டைகளை ஏற்பதை நிறுத்திவிட்டன. வளம் மிக்க ஜப்பானிலேயே இந்நிலையென்றால், வெலிமடைப் பாதையில் ஒற்றைப் பஸ் ஓட்டும் சிறு முதலாளி என்ன செய்வார்? செலவை அவர் தலையில் கட்டினால் அது கட்டண உயர்வாக நம்மிடமே திரும்பி வரும். அதனைப் பொது நிதியே ஏற்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. எத்தனை அட்டை வந்தாலும், கையில் காசோடு ஏறும் உழவரை இறக்கிவிடக்கூடாது. அட்டை வசதிக்காக, விலக்குவதற்காக அன்று.

இந்நான்கு நிபந்தனைகளையும், காசுக்கு என்றும் இடமுண்டு என்னும் உறுதியையும், நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் மாகாண அதிகாரிகளிடமும் எழுத்தில் கேட்போம். படித்த ஆசிரியர்கள் விண்ணப்பத்தை வரையட்டும்; தோட்டங்களிலும் கிராமங்களிலும் கையொப்பம் சேரட்டும். திட்டம் முற்றுப்பெற்ற பின் முறையிடுவதைவிட, அது உருவாகும்போதே உரிமையைக் கேட்பது அறிவுடைமை.