பெட்டிக்குள் இன்னும் ஒரு டிஸ்க்குக்கு வழி
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் பெரிய விஷயங்களைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வருசநாட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். அதனால் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கூடுதலாக ஹார்டு டிஸ்க் மாட்டுவது எப்படி? "இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று நினைக்க வேண்டாம். ஊரின் நினைவே இதில் அடங்கியிருக்கிறது.

என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஸ்டூடியோக்காரர்கள். இன்றைய கேமராவில் வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் படம் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகிறது. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 450 ஜி.பி. இடம் இல்லையென்று பழசை அழித்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் ஒரு பெண் வந்து, "அண்ணே, எங்கப்பா நடந்து வர்ற மாதிரி இருக்கிறது அந்தக் கல்யாண வீடியோ ஒண்ணுதான்ணே" என்று நிற்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய பெட்டிகளில் பட்டையான ஐ.டி.இ. கேபிள் இருந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கேபிளில் இரண்டு என்று மொத்தம் நான்கு டிஸ்க். 2003-ல் வந்த சாட்டா முறையில் டிஸ்க் ஒன்றுக்கு ஒரு மெல்லிய கேபிள். மதர்போர்டில் பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு சாட்டா இணைப்பு இருக்கும். முதலில் அதை எண்ணிப் பாருங்கள். எம்.2 வகை டிஸ்க் போட்டிருந்தால், சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா இணைப்பு தானாகவே செயலிழந்துவிடும். அது கோளாறு அல்ல. கூட வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை!

இணைப்புகள் தீர்ந்துவிட்டால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு போடலாம். இங்கேதான் கணக்கு வேண்டும். நம் பக்கத்தில் ஒரே மடையிலிருந்து எத்தனை வயலுக்கும் வாய்க்கால் வெட்டலாம். ஆனால் மடையில் வருகிற தண்ணீர்தானே எல்லாருக்கும்? மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு லேனுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 1,000 எம்.பி. போகும். ஒரு ஹார்டு டிஸ்க் 200 முதல் 250 எம்.பி. கேட்கும். நான்கு டிஸ்க் தாராளமாகப் பிழைக்கும். இரண்டாம் தலைமுறை ஸ்லாட் என்றால் 500 எம்.பி.தான். நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் ஆளுக்கு 125. படம் சேமிக்க அதுவும் போதும். ஆனால் ஒரு லேனில் பத்து இணைப்பு என்று விற்கிற கார்டைப் பார்த்து மயங்காதீர்கள்.

எட்டு டிஸ்க் வேண்டும் என்பவர்களுக்கு, சர்வர்களில் போடும் சாஸ் கார்டு ஏற்றது. அதில் சாட்டா டிஸ்க்கும் ஓடும். சாட்டா கார்டில் சாஸ் டிஸ்க் ஓடாது, தலைகீழாக வாங்கிவிடாதீர்கள். இந்தக் கார்டு நன்றாகச் சூடாகும். காற்று படும்படி மாட்ட வேண்டும்.

இனி சொல்வதை மாணவர்கள் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கேபிளைப் பார்க்கிறார்கள், கரண்டைப் பார்ப்பதில்லை. ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசி, ஊசிக்கு 1.5 வீதம் 4.5 ஆம்பியர்தான் தாங்கும். ஒரு இணைப்பிலிருந்து பிரித்து நான்கு டிஸ்க் மாட்டினால் 8 ஆம்பியர் ஆகிறது. பிளாஸ்டிக் உருகிக் கருகியதை நானே என் மேசையில் பார்த்திருக்கிறேன். எனவே பவர் சப்ளையிலிருந்து வருகிற வெவ்வேறு ஒயர்களில் டிஸ்க்குகளைப் பிரித்து மாட்டுங்கள். ஒரே வார்ப்பாக ஒட்டிய மலிவு அடாப்டர் வேண்டவே வேண்டாம்.

மாட்டியபின் 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்காக இருந்தால் ஜி.பி.டி. முறையில் பிரிக்க வேண்டும். பழைய எம்.பி.ஆர். முறையில் மீதி இடம் கண்ணுக்கே தெரியாது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்!

கடைசியாக ஒன்று. பெட்டிக்குள் பத்து டிஸ்க் இருந்தாலும் அது பத்திரம் ஆகிவிடாது. எங்கள் பக்கம் இலவம்பஞ்சு வியாபாரம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லா மூட்டையையும் ஒரே குடோனில் அடுக்கினால் ஒரு பொறி போதும். மலையடிவாரத்தில் ஒரு இடி விழுந்தால் பெட்டியிலுள்ள எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். ஆகவே உள்ளே எத்தனை சேர்த்தாலும், ஒரு நகலை வேறொரு வீட்டில் கழற்றி வையுங்கள்.

நமது ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகக் கல் அந்தப் பெயர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நம் டிஸ்க் பத்தாண்டு ஓடினாலே பெரிய காரியம். அதனால் கல் செய்த வேலையை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்: சில வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, புதிய டிஸ்க்குக்கு மாற்றி வைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் தெரு ஸ்டூடியோவில் மேசைக்கடியில் கிடக்கும் பழைய டிஸ்க்குகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கார்டும் ஒரு டிஸ்க்கும் மாட்டிக் கொடுங்கள். யாரோ ஒருவருடைய அப்பா அதில் நடந்து வருவார்.