கூலியும் கொடையும்

மாணவ நண்பர்களே, உழைத்தவனுக்குக் கூலி, கற்றவனுக்குத் தேர்ச்சி, குற்றம் புரிந்தவனுக்குத் தண்டனை: இஃது உலகம் நடக்கும் முறை. இம்முறை இல்லையேல் பள்ளியும் நடவாது, அரசும் நடவாது. ஆயினும், நாம் வாழ்வில் பெற்றவை யாவும் இந்தக் கணக்கினுள் அடங்குமா? தாய்ப்பாலை நாம் எந்தத் தகுதியினால் பெற்றோம்? தொட்டிலில் கிடந்த காலத்தில் நாம் ஈட்டியது ஒன்றுமில்லை, பெற்றதோ அளவில்லை. இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவும் இத்தகையதே என்று கிறிஸ்தவ சமயம் கூறுகின்றது. தகுதி நோக்காமல், விலை கேளாமல், இறைவன் தானே முன்வந்து அளிக்கும் அருளைக் கிறிஸ்தவர்கள் 'கிருபை' என்று வழங்குவர்.

இக்கருத்தை இயேசுபெருமான் ஓர் உவமையால் விளக்கினார். அது மத்தேயு எழுதிய நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் உள்ளது. திராட்சைத் தோட்டத்திற்கு உரியவன் ஒருவன், நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று கூலி பேசி, விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு அமர்த்தினான். பின்னரும் பலமுறை கடைத்தெருவிற்குச் சென்று, வேலையின்றி நின்றவர்களை அழைத்து வந்தான். பொழுது சாய ஏறக்குறைய ஒரு மணி நேரமே இருக்கும் வேளையிலும் சிலர் வந்து சேர்ந்தனர். கூலி கொடுக்கும் நேரத்தில், கடைசியாக வந்தவர்களுக்கும் முழு வெள்ளிக்காசு கிடைத்தது. வெயிலில் நாள் முழுதும் உழைத்தவர்கள் முணுமுணுத்தார்கள். பேசிய கூலியில் நான் எதையும் குறைக்கவில்லையே, என் ஈகை உன் கண்ணை ஏன் உறுத்துகின்றது என்னும் கருத்துப்பட அவன் விடை கூறினான்.

முணுமுணுத்தவர்கள் பக்கம் நம் மனம் சாய்வது இயல்பு. ஏனெனில் நம்மை நாம் விடியலில் வந்தவர்களாகவே எண்ணிக்கொள்கிறோம். மாலை வரையில் கடைத்தெருவில் நின்றவனாக நம்மை எண்ணிப் பார்த்தால், அந்தக் காசின் அருமை விளங்கும்.

இக்கிருபையைப் பற்றித் திருச்சபையில் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்பவர், மனிதன் தன் மன உறுதியாலேயே பாவமின்றி வாழ இயலும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக விளங்கிய அகுஸ்தீன், நன்மையை விரும்பும் விருப்பமே இறைவன் தந்த கொடை என்று மறுத்துரைத்தார். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் எழுப்பிய கேள்விகளின் நடுவிலும் இப்பொருளே இருந்தது. அன்று பிரிந்த இரு சாராரும், 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். மனிதன் தன் தகுதியால் அன்று, கிருபையினாலேயே இறைவனால் ஏற்கப்படுகிறான் என்பது அதன் சாரம்.

இங்கே ஓர் ஐயம் எழும். மன்னிப்பு இலவசமாகக் கிடைக்குமாயின், மனிதன் ஏன் நல்லவனாக வாழ வேண்டும்? தவறு செய்வோருக்கு இது துணிவு தருவதாகாதா? புனித பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்திலேயே இவ்வினாவை எழுப்பி, அவ்வாறு எண்ணுவது தகாது என்று மறுத்திருக்கிறார். ஒரு மனிதனின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஜான் நியூட்டன் 1725-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். இளமையிலே தாயை இழந்து, கடல் தொழிலில் புகுந்து, இறைவனைப் பழிப்பதிலும் பெயர் பெற்றார். 1748 மார்ச்சு மாதத்தில், அட்லாண்டிக் மாகடலில் அவர் சென்ற கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. நீரை இறைத்துக் களைத்த வேளையில், இறைவன் இரங்குக என்னும் பொருள்பட ஒரு சொல் அவர் வாயினின்றும் வந்தது. மறுகணமே, தன்னைப் போன்றவனுக்கு இரக்கம் எவ்வாறு கிட்டும் என்று அவர் உள்ளம் திடுக்கிட்டது. கப்பல் கரை சேர்ந்தது. அவர் மனமும் திரும்பத் தொடங்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று. அதன் பின்னரே நியூட்டன் அடிமை வணிகக் கப்பல்களின் தலைவரானார். மேல்தளத்தில் அவர் வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். 1754-இல் அவர் கடற்பயணத்தை விட்டதற்கும் காரணம் நோயே, மனச்சான்று அன்று. 1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் சிற்றூரில் பணியாற்றினார். வியத்தகு கிருபையைப் போற்றி, இன்று உலகெங்கும் பாடப்பெறும் பாடலை, 1773-ஆம் ஆண்டின் புத்தாண்டு வழிபாட்டிற்காக இயற்றினார். அப்பொழுதும் அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எதுவும் எழுதவில்லை.

1788-இல்தான் அந்த மௌனம் கலைந்தது. ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கப்பல்களில் நிகழ்ந்த கொடுமைகளை விவரித்ததோடு, அவற்றில் தமக்கு இருந்த பங்கையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் காலம் கடந்து வந்தது என்பதையும் தாமே கூறினார். அவ்வணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் துணை நின்றார். 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் மறைந்தார்.

புயலுக்கும் நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! கிருபை அவரை ஒரு நாளில் நல்லவராக்கிவிடவில்லை. அவர் விலங்கிட்டுக் கொண்டு சென்ற மக்களின் துயரத்தை அவர் பெற்ற மன்னிப்புத் துடைத்துவிடவும் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பலரும் மதித்த முதிய குரு, தம் பழைய இழிசெயலை ஊரறியச் சொல்லும் துணிவை எங்கிருந்து பெற்றார்? தன் மதிப்பெல்லாம் தன் தகுதியால் வந்தது என்று நம்புகிறவன், தன் குற்றத்தை மறைத்தே ஆகவேண்டும். அது வெளிப்பட்டால் அவனிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தான் பெற்றது கொடை என்று அறிந்தவனோ, கணக்கேட்டைத் திறந்து காட்ட அஞ்சமாட்டான். ஆகவே, கிருபை குற்றத்தை மூடும் திரை அன்று. குற்றத்தை நேராகப் பார்ப்பதற்கு ஏற்ற விளக்கு.

மாணவ நண்பர்களே, நீங்கள் உழைத்துப் பெறும் மதிப்பெண் உங்களுக்கே உரியது. அதில் பெருமை கொள்ளுங்கள். ஆனால், உங்களைப் பெற்றவரும், பொறுத்தவரும், பிழை செய்தபோதும் கைவிடாதவரும் உங்கள் மதிப்பெண்ணுக்காக அவ்வாறு செய்யவில்லை. பெற்ற கொடையை உணர்ந்தவன், மாலையில் வந்து நிற்பவனைக் கண்டு முணுமுணுக்கமாட்டான். தன் அருகில் அவனுக்கும் இடம் தருவான். கிறிஸ்தவ சமயம் கிருபை என்று சொல்வது மனித வாழ்வில் தரும் கனி இதுவே.